செய்தியும் மின்சாரமும் ஒரே வடத்தில்

கல்லூரிகள், மருத்துவமனைகள், அலுவலகங்கள், இரயில் நிலையங்கள் ஆகியவற்றின் மேற்கூரையில் பொருத்தப்பட்டிருக்கும் வெண்ணிறத் தட்டைப் பெட்டி, ஆக்சஸ் பாயின்ட் எனப்படும் வயர்லெஸ் அணுகுமுனை ஆகும். கைபேசிகளுக்கும் மடிக்கணினிகளுக்கும் வானொலி அலை வழியே வலையிணைப்பைத் தருவது அதன் வேலை. அப்பெட்டிக்குள் நுழைவது பெரும்பாலும் ஒரே ஒரு வடம்தான். இரண்டிரண்டாக முறுக்கப்பட்ட எட்டுச் செப்புக் கம்பிகள் கொண்ட அந்த ஈதர்நெட் வடமே தரவைக் கொண்டு செல்கிறது. பெட்டி இயங்கத் தேவையான நேர்மின்சாரத்தையும் அதுவே கொண்டு செல்கிறது. வலையமைப்புத் தொழிலில் 'பவர் ஓவர் ஈதர்நெட்' என்றும் சுருக்கமாகப் 'பி.ஓ.இ.' என்றும் வழங்கும் இம்முறைக்கு 2003ஆம் ஆண்டில்தான் பொதுத்தரம் வகுக்கப்பட்டது என்பதால், இதை இருபத்தோராம் நூற்றாண்டின் புதுமையாகக் கருதுவோர் உண்டு. உண்மையில், தொலைபேசித் துறை பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே தீர்த்துவிட்ட ஒரு சிக்கலைக் கணினி வலையமைப்பு நெடுங்காலம் கழித்து மீண்டும் எதிர்கொண்டது. அப்போது, தொலைபேசிக்கு ஒருபோதும் தேவைப்படாத ஒரு முன்னெச்சரிக்கையையும் அது சேர்த்தே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பி.ஓ.இ.யின் வரலாற்றில் கவனத்திற்குரிய பகுதி அந்த முன்னெச்சரிக்கையே.

1876இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற தொலைபேசி சில ஆண்டுகளில் கார்பன் ஒலிவாங்கியுடன் பரவியபோது, அந்த ஒலிவாங்கிக்கு மின்னோட்டம் தருவதற்காக ஒவ்வொரு சந்தாதாரர் வீட்டிலும் ஒரு மின்கலம் வைக்கப்பட்டது. துத்தநாகக் கோலும் நவச்சாரக் கரைசலும் கொண்ட லெக்லாஞ்சே வகைக் கலங்களே பெரும்பாலும் பயன்பட்டன. அவற்றின் கரைசல் வற்றும், துத்தநாகம் அரிபடும், பேச்சொலி மங்கும். தொலைபேசி நிறுவனத்தின் ஆட்கள் வீடு வீடாகச் சென்று கலங்களைச் சோதித்துக் கரைசலை நிரப்பியோ கலத்தை மாற்றியோ வர வேண்டியிருந்ததால், சந்தாதாரர் எண்ணிக்கை கூடக்கூடப் பராமரிப்புச் செலவும் அதே வேகத்தில் கூடியது. தொலைபேசி நிலையத்தை அழைப்பதற்குக் கைப்பிடியைச் சுழற்றி மின்னாக்கியை இயக்க வேண்டியிருந்தது தனி. இந்த ஏற்பாட்டை மாற்றியது பொது மின்கல முறை. அமெரிக்க பெல் நிறுவனத்தின் பொறியாளர் ஹாமண்ட் ஹேய்ஸ் முன்னின்று வளர்த்த இம்முறை, 1893இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து லெக்சிங்டன் நகர நிலையத்தில் நடைமுறைக்கு வந்தது. வீடுகளில் சிதறிக் கிடந்த கலங்கள் நீங்கின. நிலையத்தின் ஓர் அறையில் ஈயஅமில மின்கலங்கள் வரிசையாக அடுக்கப்பட்டு, பேச்சைக் கொண்டு செல்லும் அதே இரு கம்பிகளின் வழியே ஒவ்வொரு தொலைபேசிக்கும் மின்னோட்டம் அனுப்பப்பட்டது.

காலப்போக்கில் நிலைபெற்ற 48 வோல்ட் என்ற அளவுக்குக் காரணங்கள் உண்டு. ஈயஅமிலக் கலம் ஒன்று ஏறத்தாழ 2 வோல்ட் தரும் என்பதால் 24 கலங்களைத் தொடராக இணைத்தால் 48 வோல்ட் கிடைக்கும். பல கிலோமீட்டர் நீளமுள்ள மெல்லிய கம்பியின் தடையைத் தாண்டிப் போதிய மின்னோட்டத்தை அனுப்ப அது போதும். உலர்ந்த கையால் தொட்டாலும் பொதுவாக உயிருக்கு ஊறு நேராத எல்லைக்குள்ளும் அது அடங்கும். மின்கலத்தின் நேர்முனையை நிலத்தோடு இணைத்து எதிர்முனையைக் கம்பியில் விட்டதும் நன்கு சிந்தித்துச் செய்ததே. ஈரம் புகுந்து மின்கசிவு ஏற்படும் இடத்தில் நேர்மின்னழுத்தம் கொண்ட பக்கமே அரிக்கப்படும். கம்பி எதிர்மின்னழுத்தத்தில் இருந்தால் மண்ணுக்கடியில் கிடக்கும் செப்பு நெடுநாள் நீடிக்கும். இந்த ஏற்பாட்டின் பயனை நகரத்து மின்சாரம் தடைபட்ட இரவுகளில் தொலைபேசி வைத்திருந்த ஒவ்வொரு வீடும் அறிந்திருந்தது. விளக்கு அணைந்த வீட்டிலும் ரிசீவரைத் தூக்கினால் நிலையத்தின் ஒலி கேட்டது.

ஒரே இணைக் கம்பியில் பேச்சும் மின்னோட்டமும் கலந்து சென்றதோடு, அக்காலத் தொலைபேசிப் பொறியாளர்கள் வளர்த்த வேறொரு நுட்பமும் பின்னாளில் ஈதர்நெட்டுக்கு உதவியது. பெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் கார்ட்டி 1886இல் மின்மாற்றிகளைக் கொண்டு செயற்படுத்திய அதற்கு 'பேய்ச்சுற்று' என்னும் பொருள்படும் பெயர் வழங்கியது. இரு கம்பிகள் கொண்ட ஓர் இணையில் செய்தி என்பது அவ்விரு கம்பிகளுக்கு இடையேயான மின்னழுத்த வேறுபாடே ஆகும். அந்த இணையின் முனையில் உள்ள மின்மாற்றிச் சுருளின் நட்டநடுவில் இன்னொரு மின்னோட்டத்தைச் செலுத்தினால், அது சரிபாதியாகப் பிரிந்து இரு கம்பிகளிலும் ஒரே திசையில் செல்லும். கம்பிகளுக்கு இடையே வேறுபாடு எதுவும் எழாததால் செய்தி கலங்காது, சுருளின் இரு பாதிகளிலும் எதிரெதிராகப் பாய்வதால் மின்மாற்றியின் உள்ளகத்தில் எழும் காந்த விளைவுகளும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். இவ்வாறு இரண்டு இணைகளிலிருந்து மூன்றாவது பேச்சுவழி ஒன்றைக் கூடுதல் கம்பியின்றிப் பெற முடிந்தது. நெடுந்தொலைவுக்குச் செப்பை இழுப்பதற்கு ஆன செலவை எண்ணினால், இது எத்தகைய பேறு என்பது விளங்கும்.

இதே நுட்பம் ஒலிப்பதிவுக் கூடங்களுக்குள்ளும் புகுந்தது. நார்வே வானொலி நிறுவனத்துக்காக 1966இல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் உருவாக்கித் தந்த ஒலிவாங்கிகளுக்கு, ஒலியைக் கொண்டு செல்லும் வடத்தின் இரு கம்பிகள் வழியாகவே 48 வோல்ட் மின்சாரம் அனுப்பப்பட்டது. நீண்ட குளிர்கால இருளில் அவசர விளக்குகளை எரிப்பதற்காக அந்நிறுவனத்தின் கூடங்களில் 48 வோல்ட் மின்வழங்கல் முன்பே அமைந்திருந்தமையே அந்த அளவைத் தேர்ந்ததற்குக் காரணம் என்பர்.

கணினி வலையமைப்பின் தொடக்கத்திலும் மின்சாரம் வடத்தின் வழியே சென்றது என்பது பலர் நினைவில் இல்லாத செய்தி. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் 1973இல் ராபர்ட் மெட்காஃப் முன்வைத்து, டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து உருவாக்கிய ஈதர்நெட், 1980களில் தடித்த ஓரச்சு வடத்தில் ஓடியது. கட்டடத்தின் கூரைக்கு மேலோ தரைக்கடியிலோ 500 மீட்டர் வரை நீளும் அந்த ஒற்றை வடத்தில், ஊசிமுனை கொண்ட ஒரு கவ்வியைப் பதித்து, 'டிரான்சீவர்' என்னும் சிறு பெட்டியைப் பொருத்துவர். அப்பெட்டியிலிருந்து 15 முனை இணைப்பி கொண்ட மற்றொரு வடம் அதிகபட்சம் 50 மீட்டர் இறங்கி மேசையிலுள்ள கணினியை அடையும். கூரைக்கு மேலிருந்த டிரான்சீவருக்கு அருகில் மின்செருகி எதுவும் இல்லை. ஆதலால் கணினியே அந்த இறங்குவடத்தில் தனியாக ஒதுக்கப்பட்ட கம்பிகள் வழியே 12 வோல்ட் மின்சாரத்தை மேலே அனுப்பியது. கூரையில் ஒரு வலைக்கருவி, அதற்குத் தரவு வடத்திலேயே மின்சாரம் என்னும் அமைப்பு, வயர்லெஸ் அணுகுமுனை பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே நடைமுறையில் இருந்தது என்பது இவ்வரலாற்றில் உரிய இடம் பெறாமல் போனது வருந்தத்தக்கது.

1990இல் 10பேஸ்-டி என்னும் தரம் வந்தபோது அந்த வழக்கம் மறைந்தது. தொலைபேசிக் கம்பியை ஒத்த முறுக்கிணை வடத்தில் ஓடிய இப்புதிய ஈதர்நெட்டில், டிரான்சீவர் கணினியின் உள்ளேயே அடங்கிவிட்டதால் அதற்குத் தனி மின்சாரம் தேவைப்படவில்லை. வடத்தின் இரு முனைகளிலும் இருந்த கணினியும் ஹப் எனப்பட்ட மையக் கருவியும் சுவர்ச் செருகியிலிருந்து தத்தமக்கு மின்சாரம் பெற்றுக்கொண்டன. எனினும் அந்தத் தரம் அறியாமலேயே இரண்டு உதவிகளை விட்டுச் சென்றது. எட்டுக் கம்பிகளில் 1, 2, 3, 6 என்னும் நான்கு மட்டுமே தரவுக்குப் பயன்பட்டதால் 4, 5, 7, 8 ஆகிய நான்கும் சும்மா கிடந்தன. அத்துடன், மின்காப்புக்காக ஒவ்வோர் இணையின் முனையிலும் ஒரு சிறு மின்மாற்றி கட்டாயமாக்கப்பட்டிருந்தது. கார்ட்டியின் பேய்ச்சுற்றுக்கு வேண்டிய உறுப்பு அதுவே.

மின்சாரத்தின் தேவையை முதலில் உரக்க எழுப்பியது வயர்லெஸ் அன்று, தொலைபேசியே. 1990களின் இறுதியில் பேச்சைத் தரவுத் துண்டுகளாக்கி ஈதர்நெட்டில் அனுப்பும் ஐ.பி. தொலைபேசிகள் அலுவலகங்களுக்குள் வரத் தொடங்கின. ஒவ்வொரு மேசையிலும் கூடுதலாக ஒரு மின்மாற்றி அடாப்டர் வேண்டியிருந்ததைவிடப் பெரிய குறை, மின்தடையின்போது அவை ஊமையாகிவிட்டன என்பதே. ஒரு நூற்றாண்டாக நிலைய மின்கலத்தின் தயவில் தடையின்றிப் பேசிப் பழகியவர்களிடம் அத்தகைய கருவியை விற்பது எளிதன்று. 2000ஆம் ஆண்டளவில் சிஸ்கோ நிறுவனம், வடங்கள் வந்து சேரும் தன் ஸ்விட்ச் என்னும் மையக் கருவிகளிலிருந்தே தன் தொலைபேசிகளுக்கு 48 வோல்ட் அனுப்பும் முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இஸ்ரேலின் பவர்டிசைன் நிறுவனம், மின்சாரம் தராத பழைய ஸ்விட்சுக்கும் கருவிக்கும் நடுவே வைத்து வடத்தில் மின்சாரத்தைச் செலுத்தும் இடைநிலைப் பெட்டிகளை விற்றது. முறைகள் பெருகினவே தவிர, ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொன்றின் மின்சாரத்தில் ஓடவில்லை.

இதே ஆண்டுகளில்தான் வயர்லெஸ் வலையமைப்பு ஆய்வகத்தை விட்டு வெளியே வந்தது. ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் அமைப்பு 1997இல் 802.11 தரத்தையும், 1999இல் நொடிக்கு 11 மெகாபிட் தரும் 802.11பி தரத்தையும் வெளியிட்டது. அவ்வாண்டே ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்போர்ட் அணுகுமுனை வீடுகளுக்குள் நுழைந்தது. வீட்டில் மேசைமேல் வைத்தால் போதுமான அணுகுமுனை, அலுவலகத்திலும் கல்லூரியிலும் அவ்வாறு வைத்தால் பயன் தராது. வானொலி அலை இரும்பு அலமாரிகளிலும் காங்கிரீட் தூண்களிலும் மோதித் தேய்வதால், நடைவழியின் கூரை, பெரிய கூடத்தின் உச்சி, கிடங்கின் உத்தரம் ஆகிய உயர்ந்த இடங்களே அதற்கு உகந்தவை. அங்கெல்லாம் மின்செருகி இருப்பதில்லை. கூரைக்கு 110 அல்லது 230 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டு செல்ல வேண்டுமானால் குழாய் பதிக்க வேண்டும், உரிமம் பெற்ற மின்பணியாளர் வர வேண்டும், தீத்தடுப்பு விதிகளுக்கு உட்பட வேண்டும். இத்தனைக்கும் ஆகும் செலவு சில இடங்களில் அணுகுமுனையின் விலையையே தாண்டியது. விளைவாக, அலை நன்றாகப் பரவும் இடத்தை விட்டுவிட்டு, செருகி இருக்கும் இடத்தில் அணுகுமுனையை மாட்டும் வழக்கம் ஏற்பட்டது. ஏரோநெட் நிறுவனத்தை வாங்கியிருந்த சிஸ்கோ, ஏரோநெட் 350 என்னும் அணுகுமுனையை ஈதர்நெட் வடத்திலிருந்தே மின்சாரம் பெறும்படி வடிவமைத்தது இத்தகைய சூழலில்தான்.

பெருநிறுவனக் கருவிகளை வாங்க இயலாத ஆர்வலர்கள் தாமே வழி கண்டனர். அமெரிக்க நகரங்களில் அக்காலத்தில் எழுந்த சமூக வயர்லெஸ் குழுக்கள், மொட்டைமாடிகளில் அணுகுமுனைகளை நிறுவும்போது, சும்மா கிடந்த 4, 5 கம்பிகளை நேர்முனையோடும் 7, 8 கம்பிகளை எதிர்முனையோடும் இணைத்து 12 வோல்ட் அடாப்டரின் மின்சாரத்தை மேலே ஏற்றினர். இரண்டு ஆர்ஜே-45 இணைப்பிகளும் ஒரு பற்றவைப்புக் கோலும் இருந்தால் அரைமணி நேரத்தில் முடியும் வேலை அது. ஆயினும் 12 வோல்ட் நீண்ட வடத்தில் வெகுவாகத் தேய்ந்துவிடும் என்பதோடு, எதிர்முனையில் என்ன கருவி இருக்கிறது என்பதை அறிய அந்த ஏற்பாட்டில் வழியே இல்லை. மின்சாரம் எப்போதும் கம்பியில் இருக்கும். யார் எதைச் செருகினாலும் அதற்குள் பாயும்.

தொலைபேசிக்கும் ஈதர்நெட்டுக்கும் உள்ள அடிப்படை வேற்றுமை இங்குதான் வெளிப்படுகிறது. பெல் நிறுவனத்தின் காலத்தில் நிலையம், கம்பி, சுவரில் மாட்டிய தொலைபேசி ஆகிய அனைத்தும் ஒரே உடைமையாளருக்கு உரியவை. கம்பியின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று நிலையம் கேட்டறிய வேண்டிய தேவை எழவில்லை. ஈதர்நெட்டின் சுவர்த்துளையோ யாரும் எதையும் செருகுவதற்காகத் திறந்து வைக்கப்பட்டது. அதில் 48 வோல்ட்டைக் காத்திருக்க வைத்தால் என்ன நேரும் என்பதை ஒரு சாதாரண வலை அட்டையைக் கொண்டு கணக்கிடலாம். தேவையற்ற மின்னிரைச்சலை அடக்குவதற்காக, அத்தகைய அட்டைகளில் பயன்படாத இரு இணைகளும் ஒவ்வொன்றும் 75 ஓம் மின்தடை ஒன்றின் வழியே ஒரு பொதுப்புள்ளியில் சேர்க்கப்பட்டிருப்பது வழக்கம். ஓர் இணையில் நேர்முனையும் மற்றதில் எதிர்முனையும் வந்து சேர்ந்தால், இரு தடைகளும் தொடராகி 150 ஓம் ஆகும். 48 வோல்ட்டில் அவற்றினூடே 0.32 ஆம்பியர் பாய்ந்து, 15 வாட்டுக்கும் மேற்பட்ட வெப்பம் எழும். அரிசிமணியினும் சிறிய அத்தடைகள் வாட்டின் ஒரு சிறு பின்னத்தைத் தாங்குவதற்கே செய்யப்பட்டவை. அவை நொடிகளில் கருகிவிடும்.

ஆகவே, 1999இல் ஐ.இ.இ.இ.யில் தொடங்கி 2003 ஜூனில் 802.3ஏஎஃப் என்னும் தரமாக முடிந்த பணியின் பெரும்பகுதி, மின்சாரத்தை எவ்வாறு அனுப்புவது என்பதைவிட எப்போது அனுப்பாமல் இருப்பது என்பதைப் பற்றியதாகவே அமைந்தது. சிஸ்கோவின் தொடக்க முறையில், மின்சாரம் பெறாத தொலைபேசி தன் பெறுமுனையையும் அனுப்புமுனையையும் உள்ளுக்குள் இணைத்து வைத்திருக்கும். ஸ்விட்ச் அனுப்பும் மெல்லிய துடிப்பு அப்படியே திரும்பி வந்தால், மறுமுனையில் தொலைபேசி இருக்கிறது என்று பொருள். பொதுத்தரம் தேர்ந்தது இதனினும் எளிய வழியை. மின்சாரம் வேண்டும் ஒவ்வொரு கருவியும் ஏறத்தாழ 25,000 ஓம் மின்தடை ஒன்றை அடையாளமாக ஏந்தியிருக்க வேண்டும். ஸ்விட்ச் முதலில் 2.8 வோல்ட்டுக்கும் 10 வோல்ட்டுக்கும் இடைப்பட்ட, தீங்கு செய்ய முடியாத மின்னழுத்தத்தைச் சில மில்லி ஆம்பியர் எல்லைக்குள் செலுத்திப் பார்க்கும். ஒரே அளவீட்டோடு அது நிற்பதில்லை. இரண்டு வெவ்வேறு அழுத்தங்களில் அளந்து, அவற்றின் வேறுபாட்டிலிருந்து தடையைக் கணிக்கும். வடம் குறுக்காகப் பின்னப்பட்டு முனைகள் மாறியிருந்தாலும் இயங்க வேண்டும் என்பதற்காகக் கருவியின் வாயிலில் டையோடுகள் வைக்கப்பட்டிருப்பதால், அவை விழுங்கும் அழுத்தம் ஒற்றை அளவீட்டைப் பிழையாக்கிவிடும். இரட்டை அளவீட்டில் அப்பிழை தானாகக் கழிந்துபோகிறது. கணித்த தடை 19,000 ஓமுக்கும் 26,500 ஓமுக்கும் இடையில் அமைந்தால் ஸ்விட்ச் அதை ஏற்க வேண்டும். 15,000 ஓமுக்குக் கீழோ 33,000 ஓமுக்கு மேலோ இருப்பதை அது கட்டாயம் மறுக்க வேண்டும். வலை அட்டையின் 150 ஓம் இச்சோதனையில் தேறாது. வெறுமனே தொங்கும் வடமும் தேறாது.

அடையாளம் தேறிய பிறகு, 15.5 முதல் 20.5 வோல்ட் வரையிலான அழுத்தத்தில் கருவி எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்பதைக் கொண்டு அதன் தேவைக்குரிய வகுப்பை ஸ்விட்ச் அறிந்துகொள்ளலாம். இறுதியாகத்தான் முழு அழுத்தம் கம்பிக்கு வருகிறது. வந்த பிறகும் கண்காணிப்பு நிற்பதில்லை. அணுகுமுனையைக் கழற்றிவிட்டு அதே வடத்தில் ஒருவர் தம் மடிக்கணினியைச் செருகக்கூடும் என்பதை முன்னுணர்ந்த தரக்குழுவினர், கருவி இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கி ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் அவ்வாறே நீடித்தால் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும் என்று விதித்தனர். ஒரு கை வடத்தைப் பிடுங்கி மற்றொரு கருவியில் செருகும் நேரத்தைவிட இது குறைவு. கருவி மீண்டும் கிடைத்தால் முதலிலிருந்து கேட்டறிதல் தொடங்கும். தன் மறுமுனையில் இருப்பது யாருடைய பொருள் என்று அறியாத ஒரு வலையமைப்பு, அந்நியப் பொருளுக்குத் தீங்கு செய்யாமல் இருப்பதற்காக இவ்வளவு பொறுமையைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டது என்பது பொறியியல் வரலாற்றில் போற்றத்தக்க ஒரு முடிவாகும்.

தரத்தின் எண்களும் அத்தகைய கவனத்தோடு வகுக்கப்பட்டவையே. மிகக் குறைந்த நிலையில் ஸ்விட்ச் 44 வோல்ட் தரும் என்றும், பழைய வகை வடத்தில் 100 மீட்டருக்கு இருவழித் தடை 20 ஓம் இருக்கும் என்றும், மின்னோட்டம் 350 மில்லி ஆம்பியரைத் தாண்டலாகாது என்றும் கொண்டால், வடத்தில் 7 வோல்ட் தேய்ந்து கருவியை 37 வோல்ட் சென்றடையும். 44ஐ 0.35ஆல் பெருக்கினால் 15.4 வாட், 37ஐப் பெருக்கினால் 12.95 வாட். கருவி வடிவமைப்போர் அனைவரும் மனப்பாடமாகச் சொல்லும் 12.95 என்னும் விந்தையான எண், கட்டடங்களில் ஏற்கெனவே பதிந்து கிடந்த மிக மோசமான வடத்தையும் விலக்கிவிடக் கூடாது என்னும் எண்ணத்திலிருந்து பிறந்தது. மேல் எல்லை 57 வோல்ட். 60 வோல்ட்டைத் தாண்டினால் பாதுகாப்பான தாழ்வழுத்தம் என்னும் வகையிலிருந்து விலகிவிடும், கூரைக்கு மின்பணியாளரை அழைக்க வேண்டிய பழைய நிலையே திரும்பும்.

கூரையை அடைந்த இந்த மின்சாரம் அணுகுமுனையின் இடத்தை விடுவித்ததோடு, அதன் பராமரிப்பையும் மாற்றியது. ஸ்விட்ச் வைக்கப்பட்ட அறையில் ஒரே ஒரு யு.பி.எஸ். இருந்தால், மின்தடையின்போது கட்டடத்தின் அத்தனை அணுகுமுனைகளும் இயங்கிக்கொண்டிருக்கும். லெக்சிங்டன் நிலையத்தின் மின்கல அறை இவ்வாறு வேறு வடிவில் ஒவ்வொரு கட்டடத்துக்குள்ளும் வந்து சேர்ந்தது. செயலிழந்து நிற்கும் அணுகுமுனையை மறுபடி இயக்க ஏணி எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. ஸ்விட்சில் அதற்குரிய துளையின் மின்சாரத்தை நிர்வாகி தம் இருக்கையிலிருந்தே ஒருமுறை நிறுத்தித் திறந்தால் போதும்.

மின்சாரத்தின் தரமே வலையமைப்பின் உயிர் என்பதைத் தெளிவாகக் காட்டிய ஓர் இடம் தமிழ்நாட்டின் தேனி. 2000களின் நடுப்பகுதியில், அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையையும் சுற்றுப்புற ஊர்களில் அது நிறுவிய கண் பரிசோதனை மையங்களையும், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் பிரூவர் வழிநடத்திய ஆய்வுக்குழு நெடுந்தொலைவு வைஃபை இணைப்புகளால் இணைத்தது. ஊர் மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதித்தபின், நோயாளி தேனியிலுள்ள மருத்துவருடன் காணொலி வழியே நேருக்கு நேர் பேசுவார். அலைத் தொலைவைவிட இக்குழுவினரை அதிகம் வருத்தியது மின்சாரமே. திடீரென எகிறும் அழுத்தம் கருவிகளைக் கருக்கியது. அழுத்தம் தாழ்ந்தபோதோ, கோபுரத்தின் உச்சியில் இருக்கும் ரௌட்டர் முழுமையாக இயங்கவும் இயலாமல் முழுமையாக அணையவும் இயலாமல் இடைநிலையில் சிக்கி நின்றது. அழுத்த ஊசலாட்டத்தில் நினைவகம் பழுதடைந்தது. இதற்கு மாற்றாக, அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழிறங்கினால் மின்கலத்தை முற்றாகத் துண்டிக்கும் சுற்றுகளையும், சூரியத் தகட்டின் மின்சாரத்தைச் சீராக்கி ஈதர்நெட் வடத்தில் ஏற்றும் மலிவான கட்டுப்பாட்டுக் கருவியையும் அக்குழு உருவாக்கியது. கருவியைப் பாதி உயிரில் விடுவதைவிட மின்சாரம் தராமலே இருப்பது மேல் என்னும் முடிவுக்கு, தரக்குழு ஒரு வழியிலும் தேனியில் பணியாற்றியோர் வேறொரு வழியிலும் வந்து சேர்ந்தனர்.

12.95 வாட் நெடுநாள் போதவில்லை. பல அலைவாங்கிகளை ஒரே நேரத்தில் பயன்படுத்தி வேகத்தைப் பெருக்கும் 802.11என் முறை வந்ததும், 2007இல் வெளியான சிஸ்கோவின் 1250 வகை அணுகுமுனை, இரு அலைவரிசைகளிலும் முழு வலிமையோடு இயங்க 18 வாட்டுக்கும் மேல் கேட்டது. பொதுத்தர மின்சாரத்தில் அதை முழுமையாக இயக்க முடியவில்லை. 2009இல் வந்த 802.3ஏடி தரம், தடை குறைந்த வடத்தை அடிப்படையாகக் கொண்டு மின்னோட்டத்தை 600 மில்லி ஆம்பியராக உயர்த்தி, ஸ்விட்சில் 30 வாட்டும் கருவியில் 25.5 வாட்டும் கிடைக்கச் செய்தது. 2018இல் வந்த 802.3பிடி தரம் எட்டுக் கம்பிகளிலும் மின்சாரம் செலுத்தி, ஸ்விட்சில் 90 வாட்டையும் கருவியில் 71.3 வாட்டையும் எட்டியது. அதற்கு முன்பே கிகாபிட் ஈதர்நெட் நான்கு இணைகளையும் தரவுக்கு எடுத்துக்கொண்டுவிட்டதால், சும்மா கிடக்கும் கம்பி என்று எதுவும் மிஞ்சவில்லை. ஒவ்வோர் இணையும் மின்மாற்றியின் நடுப்புள்ளி வழியே கார்ட்டியின் முறையிலேயே மின்சாரம் ஏற்கிறது. புதிய கவலையும் இதனோடு வந்தது. நூறு வடங்களை ஒரே கட்டாகக் கட்டிக் கூரைக்கு மேல் செலுத்தும்போது, நடுவிலுள்ள வடங்களின் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு 2017ஆம் ஆண்டுப் பதிப்பில், கட்டின் பருமனையும் கம்பியின் தடிமனையும் பொறுத்து மின்னோட்டத்துக்கு எல்லை வகுக்க நேர்ந்தது.

802.3ஏடி காலத்திலிருந்து, மின்தடையை அளந்து அடையாளம் காண்பதோடு உரையாடல் முடிவதில்லை. அணுகுமுனை இயங்கத் தொடங்கியபின், அதே வடத்தின் தரவு வழியே, தனக்கு வேண்டிய மின்சாரத்தை வாட்டின் பத்தில் ஒரு பங்கு நுட்பத்தில் ஸ்விட்சுக்குத் தெரிவிக்கிறது. ஸ்விட்ச் தன் கையிருப்பையும் மற்றத் துளைகளின் தேவையையும் கணக்கிட்டு, தரக்கூடிய அளவை அறிவிக்கிறது. கேட்டது கிடைக்காவிட்டால், இன்றைய அணுகுமுனைகள் பல அணைந்துபோவதில்லை; தம் அலைவாங்கிகளில் சிலவற்றை நிறுத்தியோ, யு.எஸ்.பி. துளையை மூடியோ, அனுப்பும் வலிமையைக் குறைத்தோ, கிடைத்த மின்சாரத்துக்குள் பணியைத் தொடர்கின்றன. ஒரு கட்டடத்தில் புதிய அணுகுமுனைகளை நிறுவியும் வேகம் கூடவில்லை என்று முறையீடு வரும்போது, அனுபவமுள்ள வலைப்பணியாளர் அலையை அளப்பதற்கு முன், அந்தத் துளைக்கு ஸ்விட்ச் எத்தனை வாட் ஒதுக்கியிருக்கிறது என்பதையே முதலில் பார்க்கிறார்.